ஒரே வீடு, ஒரே கேள்வித்தாள்: எனக்கு 14, தம்பிக்கு 4. அந்த 4-ஐ நம்பலாமா?

ஏழு நிமிட அக்கா:

வணக்கம். எம்.எஸ்சி நர்ஸிங் ஆய்வுக்குக் கேள்வித்தாள் தயார் செய்துகொண்டிருக்கிறேன். பெருந்தொற்றுக் காலத்தில் மருத்துவம், நர்ஸிங், பிசியோதெரபி படித்தவர்களின் மனநலத்தில் ஆண் வேலை, பெண் வேலை என்ற பிரிவினை என்ன செய்தது என்பதுதான் விஷயம். "ஆணா பெண்ணா என்று ஒரு கட்டம் போடு, கீழே பி.எச்.க்யூ-9 போடு, முடிந்தது" என்கிறார் கைடு. பி.எச்.க்யூ-9 என்பது மனச்சோர்வை அளக்கும் கேள்வித்தாள். எனக்கு அது போதவில்லை. ஏன் என்று புரிய எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் நீளும்.

நானும் தம்பியும் இரட்டையர். என்னைவிட ஏழு நிமிடம் சின்னவன். 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்டைப் பெருந்தொற்று என்று அறிவித்தபோது நான் நர்ஸிங் மூன்றாம் ஆண்டு, அவன் மருத்துவம் மூன்றாம் ஆண்டு. சில நாட்களில் இருவருக்கும் ஹாஸ்டலைப் பூட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் பக்கவாதம் வந்து படுக்கையில் கிடந்த பாட்டி. பகலில் பார்த்துக்கொண்டிருந்தவர் பயந்துபோய் வருவதை நிறுத்திவிட்டார்.

"நர்ஸிங் படிக்கிறவள்தானே, உனக்குத் தெரியாததா?" என்றார் அம்மா. தெரியும்தான். படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், மூக்குக் குழாயில் ஆகாரம் கொடுக்க வேண்டும், குழாய் அடைக்காமல் தண்ணீர் விட வேண்டும். ஆனால் பக்கத்து அறையில் மூன்று வருடம் மருத்துவம் படித்த ஒருவன் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்குத் தெரியாதா என்று யாருமே கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன் (படித்தால் கோபப்படுவான், படட்டும்).

என் ஆன்லைன் வகுப்பு பாட்டியின் தலைமாட்டில் நடந்தது. போனை மருந்து டப்பாவில் சாய்த்து வைத்திருப்பேன். வருகைப் பதிவில் என் பெயர் வரும்போது கையில் கையுறை இருக்கும். முழங்கையால் மைக்கைத் திறந்து "யெஸ் மேம்" சொல்லுவேன். ஒரு நாள் மனநல நர்ஸிங் வகுப்பு. தன்னைத் தானே பராமரித்துக்கொள்வது எப்படி என்று பாடம். அந்த ஒரு மணி நேரத்தில் நான் மூன்று முறை எழுந்து போனேன்.

ஜூனில் கல்லூரியிலிருந்து பி.எச்.க்யூ-9 வந்தது. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டும். எனக்கு 14. ஆலோசகர் போன் செய்தார், நன்றாகப் பேசினார், அது உண்மையிலேயே உதவியது. தம்பிக்கு 4. "இதிலும் எனக்குத்தான் நல்ல ரிசல்ட்" என்று சிரித்தான்.

2021-ல் இருவரையும் கோவிட் வார்டு வேலைக்கு அழைத்தார்கள். பெண்கள் பக்குவமாகப் பேசுவார்கள் என்று, நோயாளிகளின் வீட்டுக்குப் போன் செய்யும் மேசையில் என்னை உட்கார வைத்தார்கள். பசங்க தாங்குவாங்க என்று அவனை இரவில் உடல்களைப் பிணவறைக்கு இறக்கும் வேலையில் விட்டார்கள். இரண்டு வேலையும் இருவரையும் தின்றது. எனக்குத் தரப்பட்ட பாதுகாப்பு உடை ஆண் அளவு, முழங்காலில் டேப் சுற்றிக்கொண்டு நடப்பேன்; அது வேறு கதை.

அந்த வருடக் கடைசியில் உடைந்தது அவன்தான். அழவில்லை. யாரோ அறைக் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனதற்குச் சார்ஜரைச் சுவரில் அடித்தான். படுக்காமல் நாற்காலியிலேயே தூங்கினான். தேர்வுக்குப் போகவில்லை. சிகிச்சைக்குச் சேர்க்க எங்களுக்கு நான்கு மாதம் ஆனது.

பின்னால் ஒரு நாள் அந்தப் பழைய 4 பற்றிக் கேட்டேன். களைப்புக்கு 3, தூக்கத்துக்கு 1, மீதி எல்லாம் "இல்லவே இல்லை" என்று போட்டதாகச் சொன்னான். ஏன்? "களைப்பு என்றால் கௌரவம்தானே. மற்றது அப்படியா?"

இப்போது என் கேள்வி: என் 14-ஐயும் அவனுடைய 4-ஐயும் உண்டாக்கியது எதுவோ, அதைப் பிடிக்க வேறு என்ன கேட்க வேண்டும்?

பழைய வார்டு:

தங்கச்சி, மனநலப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். முதலில் ஒன்று கவனி. சார்ஜரைச் சுவரில் அடித்தான் என்கிறாய். பி.எச்.க்யூ-9-இன் ஒன்பது கேள்விகளில் எரிச்சல் என்ற சொல்லே கிடையாது. பதற்றத்துக்கான ஜி.ஏ.டி-7-இல் ஆறாவது கேள்வி அதுதான்: சட்டென்று எரிச்சல் வருகிறதா? இரண்டையும் சேர்த்துக் கொடு. அப்போதும் பொய்யாக எழுதுகிறவன் எழுதுவான். ஆனால் "சோகமாக இருக்கிறேன்" என்று ஒப்புக்கொள்ளாத பையன்கள் "எரிச்சல் வருகிறது" என்று கூசாமல் போடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஸ்வீடனின் காட்லாந்து தீவைப் பற்றித் தேடிப் படி. 1980-களில் அங்கே பொது மருத்துவர்களுக்கு மனச்சோர்வைக் கண்டுபிடிக்கப் பயிற்சி கொடுத்தார்கள். தற்கொலை குறைந்தது, ஆனால் பெண்களிடம்தான். ஆண்கள் எண்ணிக்கை பெரிதாக அசையவில்லை. ஆண்கள் டாக்டரிடமே வரவில்லை, வந்தாலும் கோபம், குடி என்று வேறு முகத்தோடு வந்தார்கள். அந்த அனுபவத்திலிருந்துதான் ஆண்களுக்கென்று 13 கேள்விகள் கொண்ட காட்லாந்து அளவுகோல் வந்தது.

அப்புறம் முக்கியமான ஒன்று. பி.எச்.க்யூ-9-இன் ஒன்பதாவது கேள்வி, செத்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா என்பது. அதற்கு 0 தவிர எந்த விடை வந்தாலும் அன்றைக்கே ஒரு ஆள் பார்த்து, போன் செய்து பேச வேண்டும். மாதக் கடைசியில் எக்செல் திறந்து பார்ப்பது ஆகாது. அதற்கு ஏற்பாடு இல்லையென்றால் அந்தத் தாளைக் கையில் எடுக்காதே.

சந்தேகப் பிராணி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 2021 அக்டோபரில் லான்செட் மருத்துவ இதழில் வந்த கணக்குப்படி, 2020-ல் பெருந்தொற்றால் கூடுதலாக மனச்சோர்வு வந்தவர்கள் 5.3 கோடி, பதற்ற நோய் வந்தவர்கள் 7.6 கோடி. இரண்டிலும் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். ஹார்மோன், உடல்வாகு எல்லாம் இருக்கிறது. ஒரு வீட்டு இரட்டையரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

ஏழு நிமிட அக்கா:

நிரூபிக்க வரவில்லை அண்ணா, கேள்வி தேடி வந்தேன். ஹார்மோன் 2019-லும் இருந்ததே? ஒரே வருடத்தில் எண்ணிக்கை ஏறியதற்கு அந்த வருடம் மாறியது எதுவோ அதைத்தான் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் மாறியது, பாட்டியைப் புரட்டும் கை.

பழைய வார்டு அக்கா, ஒன்பதாவது கேள்வியைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. நன்றி.

ஊசிக்காரன்:

நான் ஆண் நர்ஸ். எங்கள் வகுப்பில் அறுபது பேரில் நாங்கள் ஐந்து பசங்க. கனமான நோயாளியைத் தூக்க வேண்டும் என்றால் ஐந்து பேரில் ஒருவனுக்குக் கூப்பாடு வரும். பெண் நோயாளிக்கு ஊசி போட வேண்டும் என்றால் "தம்பி, நீ வெளியே நில்." வீட்டில் "டாக்டர் சீட் கிடைக்கவில்லையா?" ஆக, ஆண் என்று டிக் அடித்தால் உங்கள் தம்பியும் நானும் ஒரே கட்டம். சரியா அது?

பாலினப் பங்கு (ஆண் இப்படி, பெண் இப்படி என்ற எதிர்பார்ப்பு) என்று தேடினால் எல்லாரும் சாண்ட்ரா பெம் என்ற அமெரிக்க உளவியலாளர் 1974-ல் உருவாக்கிய பட்டியலைத்தான் காட்டுவார்கள். 60 குணங்கள், 20 ஆண்மை, 20 பெண்மை, 20 பொது. ஒவ்வொன்றும் தனக்கு எவ்வளவு பொருந்தும் என்று 1 முதல் 7 வரை போட வேண்டும். இதில் சிக்கல் இருக்கிறது. ஆண்மைப் பட்டியலில் தன்னம்பிக்கை, உறுதி மாதிரியான குணங்கள் வரும். மனம் சோர்ந்தவனுக்கு அவை தானாகவே குறையும். அப்புறம் "ஆண்மை கூடினால் சோர்வு குறைவு" என்று முடிவு வந்தால் அதில் என்ன ஆச்சரியம்? மேலும், அது குணத்தைத்தான் கேட்கிறது, யார் குழாய் கழுவினார்கள் என்று கேட்பதில்லை.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் நேரத்தைக் கேட்பேன். ஒரு சாதாரண நாள், காலை ஆறு முதல் இரவு பதினொன்று வரை, மணிக்கு ஒரு வரி. என்ன செய்தீர்கள், நடுவில் யார் கூப்பிட்டார்கள். கூட்டு மணி நேரம் மட்டும் போதாது. இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் படிப்பதும் பத்துப் பத்து நிமிடமாகப் படிப்பதும் ஒன்றா?

ஏழு நிமிட அக்கா:

அண்ணா, "நடுவில் யார் கூப்பிட்டார்கள்" என்பதைத் திருடிக்கொண்டேன்.

நேற்று புது வரைவைத் தம்பிக்கே கொடுத்துப் பார்த்தேன் (இப்போது நன்றாக இருக்கிறான், வேலைக்குப் போகிறான்). எரிச்சல் கேள்விக்கு, அந்த 2021-ஐ நினைத்து, யோசிக்காமல் 3 போட்டான். நேர அட்டவணையில் 2020 ஜூனை நிரப்பும்போது, நடுவில் கூப்பிட்டவர்கள் என்ற பத்தியை மேலிருந்து கீழ் வரை ஒரே கோடாக அடித்துவிட்டு என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

வார்டு பகுதியில் "பணியின்போது மனம் விட்டு அழ இடம் இருந்ததா? ஆம் / இல்லை" என்று வைத்திருந்தேன். இரண்டையும் விட்டுவிட்டு ஓரத்தில் எழுதியிருக்கிறான்: "லிஃப்ட். நான்காம் மாடியிலிருந்து கீழே வரும் வரை." ஆம், இல்லையை எடுத்துவிட்டு அங்கே இரண்டு வெற்று வரி விட்டிருக்கிறேன்.

கைடிடம் திங்கட்கிழமை காட்டுகிறேன். ஒன்பதாவது கேள்விக்கு அன்றாடம் விடைகளைப் பார்க்க எங்கள் பிரிவு ஆலோசகர் ஒத்துக்கொண்டிருக்கிறார். ஊசிக்காரன் அண்ணா, முன்சோதனைக்கு உங்கள் வகுப்பு ஐந்து பேரும் வேண்டும். தூக்கச் சொல்ல மாட்டேன்.