வானவில் ட்ரவுட்டின் புள்ளிகளும் கோலம் போட்டுப் பழகிய கையும்

பாடம் செய்த மீனில் நுண்ணிய புள்ளிகளையும் கோடுகளையும் எப்படி வைப்பது என்று உறுப்பினர் ஒருவர் இங்கே கேட்டிருந்தார். கானாடுகாத்தானில் ஒரு வீட்டுக்காக நான் செய்த வேலையைச் சொன்னால் அவருக்கு உதவும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நான் காரைக்குடியில் பழைய வீட்டுப் பொருட்களைச் செப்பனிடும் தொழில் செய்பவள்.

அந்த வீட்டின் வளவுச் (உள்முற்றத்தைச் சுற்றிய பகுதி) சுவரில், மரப்பலகையில் பொருத்திய வானவில் ட்ரவுட் மீன் ஒன்று நெடுங்காலமாக இருந்தது. வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட இந்த மீனை ஆங்கிலேயர்கள் நீலகிரிக்குக் கொண்டுவந்தார்கள். அவலாஞ்சியில் 1907ஆம் ஆண்டு மீன்வளர்ப்பு வல்லுநர் எச். சி. வில்சனின் முயற்சியால் அதற்கென்று மீன்குஞ்சு பொரிப்பகமும் ஏற்பட்டது. வீட்டு ஆச்சியின் மாமனார் உதகைக்குப் போயிருந்தபோது தூண்டிலில் பிடித்த மீன் இது என்று சொன்னார்கள். வண்ணம் உரிந்து, துடுப்பின் ஓரங்கள் நொறுங்கி, அடுப்புப் புகை படிந்த நிறத்தில் என்னிடம் வந்தது.

மீன் தோல் காய்ந்ததும் அதன் வெள்ளிப் பளபளப்பும் பக்கவாட்டில் ஓடும் இளஞ்சிவப்புப் பட்டையும் போய்விடும். சுவரில் நாம் காணும் நிறம் முழுவதும் தீட்டியவர் தந்ததுதான். ஆனால் கரும்புள்ளிகளுக்குக் காரணமான மெலனின் என்னும் நிறமி அவ்வளவு எளிதில் அழிவதில்லை. பழைய வண்ணத்தைத் தின்னர் தோய்த்த பஞ்சால் மெல்ல எடுத்துக்கொண்டே வந்தபோது, முன்பு தீட்டியவர் வைத்த உருண்டையான புள்ளிகளுக்கு அடியில், அவற்றோடு சற்றும் பொருந்தாத இடங்களில், வெளிறிய பழுப்புநிற நிழல்கள் தெரிந்தன. நான் அவற்றை அழுக்கின் கறை என்று எண்ணி, வால் பகுதியில் வெள்ளை பிரைமரையும் (வண்ணத்துக்கு முந்தைய அடிப்பூச்சு) அடித்துவிட்டேன். மறுநாள் காலை வெயிலில் உடலைத் திருப்பிப் பார்த்தபோதுதான் அவை மீனின் சொந்தப் புள்ளிகள் என்பது விளங்கியது. நொறுங்கிய துடுப்பில் பிரைமரை மறுபடி சுரண்ட முடியாது. அந்த வாலின் அசல் புள்ளிகளை நான் அப்படித்தான் இழந்தேன். இந்த வேலையில் என்னை இன்றும் வருத்துவது இந்தத் தவறுதான். ஆகவே பழைய வண்ணத்தை எடுப்பவர்கள் ஒவ்வொரு விரற்கடை அகலத்துக்கும் நின்று, படம் எடுத்து, டிரேசிங் தாளில் புள்ளிகளைப் பிரதி எடுத்த பிறகே மேலே போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உடலில் நிழல்கள் இருந்தும் என் முதல் முயற்சி சரியாக வரவில்லை. சிறு வயதிலிருந்து நடுவீட்டுக் கோலம் போட்டுப் பழகிய கை இது. இரண்டு நிழல்களுக்கு இடையே வெற்றிடம் தெரிந்தால் அங்கே தானாக ஒரு புள்ளி வைத்துவிடும்; பெரிய புள்ளிக்குப் பக்கத்தில் சிறியது வந்தால் அதையும் பெரிதாக்கிவிடும். பாதி வேலையில் பார்க்க வந்த ஆச்சி நெடுநேரம் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு ஆத்தா. ஆனா இம்புட்டு நறுவிசா இருந்தா மீனு மாதிரி இல்லையே” என்றார்கள். அவர்கள் சொன்னது முற்றிலும் சரி. முதுகில் நெருங்கியும், செவுளிலிருந்து வால்வரை உடலில் ஓடும் பக்கவாட்டுக் கோட்டுக்குக் கீழே சிதறியும், சில இடங்களில் இரண்டு புள்ளிகள் ஒட்டிக்கொண்டும், சில இடங்களில் ஒன்றுமே இல்லாமலும் இருப்பதுதான் அந்த மீனின் முகம்.

அவ்வளவையும் அழித்துவிட்டுத் திரும்பத் தொடங்க முடிந்ததற்குக் காரணம், அடியில் லாக்கர் பூச்சு முழுதும் காய்ந்திருந்ததும் புள்ளிகளை நீரில் கரையும் அக்ரிலிக்கில் வைத்திருந்ததும்தான். ஈரத் துணியால் உடனே துடைத்தால் புள்ளி மட்டும் போகும், அடி வண்ணம் அசையாது. புள்ளியை ஒரே சொட்டாக வைத்தால் விளிம்பில் மேடு கட்டி, மேல் வார்னிஷ் அடித்த பிறகு மணி ஒட்டியதுபோல் துருத்தி நிற்கும். எனவே வண்ணத்தை மைபோல் இளக்கி, ட்ரிபிள் ஜீரோ (000) என்னும் மிக மெல்லிய பிரஷ்ஷின் முனையைத் தாளில் உருட்டிக் கூராக்கி, மூன்று நான்கு சிறு தொடுதல்களில் ஒரு புள்ளியை உருவாக்குகிறேன். முதலில் சாம்பல் கலந்த பழுப்பில் சற்றுப் பெரிதாக. அது காய்ந்ததும் அதன் நடுவில் அல்லாமல் கொஞ்சம் விலக்கி, கருப்போடு பழுப்புச் சேர்த்த அடர்நிறத்தில் சிறிதாக. தனிக் கருப்பு வேண்டவே வேண்டாம், அது தோலில் ஓட்டை விழுந்ததுபோல் தெரியும். எல்லாம் முடிந்ததும் மெல்லிய பசுமை கலந்த முத்துநிறத்தை, காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷால் மூடுபனிபோல் ஒரு சுற்று அடித்தால், மேலே ஒட்டியிருந்த புள்ளிகள் தோலுக்குள் அமிழ்ந்துவிடும். பழகுவதற்கு, ஆத்தங்குடிக் கல் வார்ப்பவர்கள் பயன்படுத்தும் கண்ணாடிபோல் ஒரு துண்டு போதும்; ஐம்பது புள்ளி வைக்கலாம், துடைக்கலாம், மறுபடி வைக்கலாம்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். சித்திரை, வைகாசியில் அக்ரிலிக் பிரஷ் முனையிலேயே காய்ந்துவிடுவதால் விடியற்காலையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு வேலை செய்கிறேன். ஐப்பசி மழையில் லாக்கர் வெள்ளை பூத்துவிடும், அப்போது காத்திருப்பது ஒன்றுதான் வழி.

கோடுகளைப் பொறுத்தவரை, ட்ரவுட்டுக்குச் செதில் ஓரம் எழுதுவது வீண் உழைப்பு. பக்கவாட்டுக் கோட்டில் மட்டும் செதில்கள் நூறைத் தாண்டும், கண்ணுக்கே சரியாகத் தெரியாது. விராலுக்கு அது ஐம்பதைச் சற்றுத் தாண்டும் என்பதால் ஒவ்வொரு செதில் விளிம்பையும் மெல்லிய இழையாக இழுத்தே ஆக வேண்டும். கண்மாய் அழியும் நாளில், அதாவது வற்றிய கண்மாயில் ஊரே இறங்கி மீன் பிடிக்கும் நாளில் போய் உயிருள்ள விராலை ஈரச் சாக்கில் கிடத்திப் பாருங்கள். விலாவில் சாய்ந்து இறங்கும் பட்டைகள் கோடு கிழித்தாற்போல் முடிவதில்லை. செதில் செதிலாக உடைந்து வயிற்று வெண்மையில் கரைகின்றன. கரைக்கு வந்த சில நிமிடங்களில் நிறம் மாறத் தொடங்கும் என்பதால் படம் எடுப்பதில் தாமதம் கூடாது.

ட்ரவுட்டின் வாலை முடிவில் படங்களைப் பார்த்தே முடித்தேன். வானவில் ட்ரவுட்டின் வால் புள்ளிகள் துடுப்பு நரம்புகளின் போக்கிலேயே விசிறிபோல் வரிசை பிடிப்பதால், நரம்புகளே ஓரளவு வழிகாட்டின. திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தபோது ஆச்சியிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். எவை மீனின் புள்ளிகள், எவை நான் வைத்தவை என்று கேட்டு, விரலால் தொடாமல் குனிந்து பார்த்தார்கள். அதைப் பலகையின் பின்புறம் எழுதித் தரச் சொன்னார்கள். “செவுள் முதல் வாலடி வரை மீனின் புள்ளிகள் இருந்த இடத்திலேயே வைக்கப்பட்டவை; வாலில் உள்ளவை படம் பார்த்து வைத்தவை” என்று பென்சிலால் எழுதி, கீழே தேதியும் போட்டுக் கொடுத்தேன்.