ஹெட்ஃபோன் ஆம்பில் ‘ம்ம்’ இரைச்சல்: வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. சிமாய் (CMoy) என்ற சின்ன, பிரபலமான சர்க்யூட்டில் ஒரு ஹெட்ஃபோன் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) கட்டியிருக்கிறேன். ஓபிஏ2134 ஆப்-ஆம்ப் ஐசி, 9 வோல்ட் பேட்டரி, இரண்டு ரெசிஸ்டரால் பிரித்த விர்ச்சுவல் கிரவுண்ட் (பேட்டரி வோல்டேஜின் நடுப்புள்ளியையே கிரவுண்டாக வைப்பது), பிளாஸ்டிக் டப்பா. பாட்டு அருமையாகக் கேட்கிறது. நிறுத்தினால்தான் பின்னால் 50 ஹெர்ட்ஸ் ‘ம்ம்’ சத்தம். பேட்டரியில் ஓடுவதால் அடாப்டரைச் சந்தேகிக்க வழியில்லை. பாட்டுக்கு இணைக்கும் ஃபோனில் சார்ஜரைக் கழற்றினாலும் அதே கதைதான்.

வால்யூம் நடுவில் இருக்கும்போது சத்தம் அதிகம். முழுசாகத் திருப்பினால் குறைகிறது. வால்யூமுக்குப் போட்ட 50கே (50 கிலோ ஓம்) பொட்டென்ஷியோமீட்டரின் உலோக உடம்பில் விரல் பட்டால் எகிறுகிறது. அந்த உடம்புக்கு கிரவுண்ட் கொடுக்கவில்லை. இன்புட் ஜாக்கிலிருந்து வருவதும் ஷீல்டு இல்லாத சாதா வயர்.

உடம்பை விர்ச்சுவல் கிரவுண்டில் சேர்ப்பதா, பேட்டரி நெகட்டிவிலா? தகர டப்பாவுக்கு மாற்றினால் ஜாக்கின் கிரவுண்ட் டப்பாவில் படலாமா? அப்புறம், 10கே பொட்டென்ஷியோமீட்டர் போட்டால் இது குறையுமா? செய்து பார்த்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.