‘கடலூர் வீடு’ குடும்பக் குழு: அப்பாவின் தச்சுப் பட்டறைத் தூசிக்கு ஒரு பெட்டி

செவ்வாய்

[காலை 8:40] அத்தை: அண்ணா, தவறாக நினைக்காதீர்கள். நேற்று மாடியில் பிழிந்து வைத்த கூழ் வடகம் முழுவதும் மரத்தூள். நீங்கள் பட்டறையில் புதிதாகப் போட்ட எக்ஸாஸ்ட் ஃபேன் எங்கள் மாடியைப் பார்த்துத்தான் ஊதுகிறது. வடகம் போனால் போகட்டும், சின்னவனுக்கு ராத்திரி முழுவதும் இழுப்பு. இரண்டு முறை நெபுலைசர் வைத்தோம்.

[காலை 8:52] அப்பா: ஐயோ, எனக்குத் தெரியவே தெரியாதும்மா. ஃபேனை நிறுத்திவிட்டேன். பையன் இப்போது எப்படி இருக்கிறான்?

[காலை 8:55] அத்தை: இப்போதுதான் தூங்கினான். காலையில் ஒன்றும் தெரிவதில்லை அண்ணா. மதியம் கடற்காற்று எழும்பியதும் எல்லாம் எங்கள் பக்கம் திரும்பிவிடுகிறது.

[காலை 9:10] அம்மா: அவர் ஃபேனை நிறுத்திவிட்டு உள்ளே அதே தூசியில் நிற்கிறார். ஒரு வாரமாக ராத்திரியில் இருமல். கேட்டால் தேக்குத் தூள் அப்படித்தான் இருக்கும் என்கிறார்.

[காலை 9:31] அக்கா: அப்பா, இதை நான் பல நாளாகச் சொல்ல நினைத்துக்கொண்டே இருந்தேன். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995-லேயே மரத்தூளை முதல் பிரிவில் வைத்துவிட்டது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள்களின் பட்டியல் அது. மூக்கின் உட்புறம், மூக்கைச் சுற்றியுள்ள எலும்பு அறைகள், மூக்குக்குப் பின்னால் உள்ள தொண்டைப் பகுதி, இங்கெல்லாம் வரலாம். உங்களைப் பயமுறுத்த வேண்டும் என்று சொல்லவில்லை. நாற்பது வருடம் அந்தத் தூளில் நின்றவர் நீங்கள். அடுத்த வாரம் புதுச்சேரிக்கு வாருங்கள், மார்பு, மூக்கு இரண்டையும் பார்த்துவிடலாம். கூட நான் இருப்பேன்.

[காலை 9:48] அப்பா: வருகிறேன். ஆனால் பட்டறையை மூட முடியாது. சித்திரை முடிவதற்குள் இரண்டு நிலைக் கதவும் ஒரு சமையலறை அலமாரி வேலையும் கொடுக்க வேண்டும்.

[காலை 10:05] நான்: மூட வேண்டாம் அப்பா. தூசியை வெளியே தள்ளாமல் உள்ளேயே பிடிக்க ஒரு பெட்டி செய்துவிடலாம். நாங்கள் ஆபீஸ் ஏசிக்களில் மாற்றும் அதே ஃபில்டர்தான். ஃபேன் உங்களிடம் இருக்கிறது. பெட்டி செய்ய உங்களைவிட நல்ல ஆள் எனக்கு யார்? சனிக்கிழமை ஃபில்டரோடு வருகிறேன். பட்டறை நீளம், அகலம், உயரம் மட்டும் அளந்து போடுங்கள்.

[காலை 10:20] அப்பா: 18 அடி, 14 அடி. கூரை ஷீட் வரைக்கும் 10 அடி.

[காலை 10:41] நான்: அப்படியென்றால் 2,520 கன அடிக் காற்று. அந்தக் காற்று முழுவதும் ஒரு மணி நேரத்தில் எட்டு முறையாவது ஃபில்டர் வழியாகப் போய் வர வேண்டும். 2,520-ஐ எட்டால் பெருக்கி அறுபதால் வகுத்தால் நிமிடத்துக்கு 336 கன அடி. சி.எஃப்.எம். என்று நாங்கள் சொல்வது இதைத்தான். ஃபேன் அட்டைப்பெட்டியில் காற்றளவு போட்டிருக்கும், பாருங்கள்.

[காலை 10:58] அப்பா: மணிக்கு 1,500 கன மீட்டர் என்று இருக்கிறது. 12 அங்குல ஃபேன்.

[காலை 11:06] நான்: சுமார் 880 சி.எஃப்.எம். அது எதிரே ஒன்றும் இல்லாமல் ஓடும்போது கிடைக்கும் கணக்கு. ஃபில்டர் வந்துவிட்டால் பாதிக்கும் கீழே இறங்கும். 400 கிடைத்தாலே நமக்குப் போதும்.

[பகல் 12:15] சித்தப்பா: அண்ணே, பண்ருட்டியிலிருந்து நானும் வருகிறேன். வயரிங் என் பொறுப்பு. தம்பி, ஒரு சந்தேகம். ஃபேனுக்கு முன்னால் ஒரே ஒரு ஃபில்டரை வைத்துக் கட்டினால் ஆகாதா? எதற்குப் பெட்டி?

[பகல் 12:40] நான்: ஆகாது சித்தப்பா. எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு இழுக்கும் பலம் குறைவு. ஒரே ஃபில்டர் என்றால் அது திணறும், மோட்டாரும் சூடாகும். நான்கு பக்கமும் நான்கு ஃபில்டர் வைத்தால் அதே காற்று நான்கு வழியாகப் பிரிந்து மெதுவாக நுழையும். 2020-இல் கொரோனா நேரத்தில் அமெரிக்காவில் ரிச்சர்ட் கோர்சி என்ற பொறியியல் பேராசிரியரும், அப்போது ஃபில்டர் நிறுவனம் நடத்திய ஜிம் ரோசென்தாலும் யோசித்த அமைப்பு இது. இரண்டு பேரின் பெயரையும் சேர்த்து கோர்சி-ரோசென்தால் பெட்டி என்கிறார்கள். பள்ளிக்கூட வகுப்பறைகளில் பிள்ளைகளே செய்து வைத்தார்கள். அவர்கள் அட்டையும் டேப்பும் வைத்து ஒட்டினார்கள். நமக்கு அப்பா இருக்கிறார்.

[பகல் 1:02] அம்மா: கண்ணா, அந்த ஃபில்டர் உண்மையிலேயே அந்தப் பொடித் தூளைப் பிடிக்குமா? கண்ணுக்கே தெரியாத தூள் என்கிறாளே உன் அக்கா.

[பகல் 1:20] நான்: பிடிக்கும் அம்மா. மெர்வ் 13 என்று ஒரு தரம். ஒரு முறை காற்று கடந்து போகும்போதே 3 முதல் 10 மைக்ரான் தூளில் 90 சதவீதத்துக்குக் குறையாமல் நிற்க வேண்டும், 1 முதல் 3 மைக்ரானில் 85, அதற்கும் பொடியானதில் பாதி. அதுதான் அந்தத் தரத்தின் விதி. தலைமுடி சுமார் 70 மைக்ரான் தடிமன். காற்று திரும்பத் திரும்ப வருவதால், முதல் சுற்றில் தப்பியது அடுத்த சுற்றில் சிக்கும்.

[பகல் 1:26] அக்கா: இழைப்புளியிலிருந்து சுருள் சுருளாக விழுவது நுரையீரலுக்குப் போகாது. மரத்தைத் தேய்க்கும் சாண்டர் மெஷினிலிருந்து புகை மாதிரி எழும்புகிறதே, அதுதான் போகும். வேலை முடிந்து விளக்கை அணைத்த பிறகும் மணிக்கணக்கில் காற்றிலேயே நிற்கும்.

[பகல் 2:10] அப்பா: ஃபில்டர் எந்த அளவு என்று சொல். பெட்டியை நான் இன்றே வெட்டத் தொடங்குகிறேன்.

[பகல் 2:14] நான்: 20க்கு 20 அங்குலம், கனம் 2 அங்குலம். வாங்கிய பிறகு டேப் வைத்து அளந்து சொல்கிறேன், சொன்ன அளவைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். அதுவரை சட்டத்தை வெட்டாதீர்கள்.

வியாழன்

[இரவு 9:15] நான்: ஃபில்டர் வந்துவிட்டது. 19½ அங்குலம், கனம் 1¾.

[இரவு 9:33] அப்பா: சரி. சட்டத்தில் நீளப் பள்ளமாகக் காடி எடுத்து, ஃபில்டர் மேஜை டிராயர் போல உள்ளே நழுவும்படி செய்கிறேன். டேப் போட்டு ஒட்டினால் ஒவ்வொரு முறையும் கிழிக்க வேண்டும். பிளைவுட் 12 மி.மீ. மிச்சம் இருக்கிறது. ஃபேன் உட்கார வட்டம் மட்டும் மரம் குடையும் ரவுட்டர் மெஷினில் போட்டுவிட்டேன்.

[இரவு 9:40] நான்: அருமை அப்பா. இறக்கை முனைக்கும் வட்டத்துக்கும் விரல் நுழையாத இடைவெளி இருந்தால் போதும். அதிகமானால் வெளியே தள்ளிய காற்றே அந்தச் சந்து வழியாகத் திரும்பி உள்ளே வரும். காடிக்குள் மெல்லிய ஃபோம் பட்டை ஒட்டிவிடுங்கள். கதவு, ஜன்னலுக்கு ஒட்டுவார்களே, அதுதான்.

[இரவு 9:52] அக்கா: பட்டறை வாசலைத் திறந்து வைத்துத்தானே ரவுட்டர் போட்டீர்கள்? மாஸ்க்?

[இரவு 10:01] அம்மா: போட்டார். பக்கத்தில் நின்று நானே பார்த்தேன்.

ஞாயிறு

[காலை 7:20] நான்: நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன், அத்தையும் அக்காவும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மாலை நாலு மணிக்குப் பெட்டி தயார். அவசரத்தில் தரையிலேயே வைத்து ஓட்டினோம். பெரிய தவறு. காற்று வேகத்தில் மூலையில் படிந்திருந்த பழைய தூள் எல்லாம் எழும்பி, பட்டறை பனி மூட்டம் போல ஆகிவிட்டது. உடனே நிறுத்தினோம். ஒரு மணி நேரம் கழித்து அலமாரி, குழல்விளக்கு, ஷீட்டைத் தாங்கும் குழாய் எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்தோம். இனி அந்தப் பட்டறையில் கம்ப்ரஸர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்வது கிடையாது. அப்பா ஒப்புக்கொண்டிருக்கிறார்.

[காலை 7:31] சித்தப்பா: அப்புறம் ஷீட்டுக் குழாயில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டோம். பெட்டியின் அடி, தரையிலிருந்து 7 அடி. ஃபேன் நீளச் சுவரோடு காற்றைத் தள்ளுகிறது. அது எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி, அறையை ஒரு சுற்று சுற்றிக்கொண்டு ஃபில்டருக்கு வருகிறது. அண்ணன் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே தொங்கவிடலாம் என்றேன், தம்பி வேண்டாம் என்றான்.

[காலை 7:36] நான்: மெஷினுக்கு நேர் மேலே வைத்தால் தூள் அப்பாவின் முகத்தைக் கடந்துதான் மேலே போகும் சித்தப்பா. அதனால்தான் தள்ளி வைத்தோம்.

[காலை 7:50] அத்தை: ஊதுபத்தி வைத்து ஏதோ பார்த்தீர்களாமே?

[காலை 8:04] நான்: ஆமாம் அத்தை. ஃபேன் ஓடும்போது ஒவ்வொரு மூட்டுக்கும் பக்கத்தில் ஊதுபத்தியைப் பிடித்தோம். புகை ஃபில்டருக்குள் போனால் சரி. மரச் சந்துக்குள் போனால் அங்கே ஓட்டை, தூளும் ஃபில்டரைத் தொடாமல் அந்த வழியே போய்விடும். பின்பலகை மூலை ஒன்றில் புகை நூல் மாதிரி உள்ளே போனது. அப்பா மரத்தூளும் ஃபெவிகாலும் குழைத்து அடைத்தார். மறுபடி பிடித்தபோது புகை அந்தப் பக்கமே திரும்பவில்லை.

[காலை 8:10] நான்: ஃபில்டர் சட்டத்தில் அம்புக்குறி இருக்கும் சித்தப்பா. அது பெட்டிக்கு உள்ளே பார்க்க வேண்டும். ஃபேன் வெளியே தள்ள வேண்டும். அடுத்த முறை மாற்றும்போது நான் இல்லாவிட்டாலும் இதை மறக்காதீர்கள்.

[காலை 8:45] அப்பா: ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்துக் காட்டினான். ஃபேன் போடுவதற்கு முன் வெளிச்சத்தில் தூள் கொசுக்கூட்டம் மாதிரி மிதந்தது. அரை மணி நேரம் ஓடிய பிறகு அதே இடத்தில் அடித்தால் ஒன்றிரண்டுதான். இத்தனை வருடம் இதற்குள்தான் நின்றிருக்கிறேன்.

[காலை 8:58] அக்கா: அப்பா, டார்ச்சில் குறைந்துவிட்டது என்று மாஸ்க்கை விட்டுவிடக் கூடாது. இந்தப் பெட்டி காற்றில் கலந்த தூளைத்தான் பிடிக்கும். சாண்டர் ஓடும் அந்த நிமிடம், தூள் பெட்டிக்குப் போவதற்கு முன்னால் உங்கள் மூக்குக்கு வந்துவிடும். மெஷின் ஓடும்போது என்95 கட்டாயம்.

[காலை 9:05] நான்: அக்கா சொல்வது சரி. சாண்டரின் பின்னால் இருக்கும் துளையில் வாக்குவம் குழாய் மாட்டினால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். மிச்சத்துக்குத்தான் பெட்டி. அடுத்த மாதம் அதையும் பார்ப்போம். வேலை முடிந்த பிறகு பெட்டி ஒரு மணி நேரமாவது ஓடட்டும்.

[காலை 9:22] அப்பா: பாலிஷ் போடும்போது ஓட்டலாமா? தின்னர் வாசனை தலையைச் சுற்றுகிறது.

[காலை 9:25] நான்: கூடவே கூடாது அப்பா! இந்த ஃபில்டர் தூளை மட்டும்தான் பிடிக்கும், தின்னர் ஆவியைப் பிடிக்காது. சுவிட்சிலோ மோட்டாரிலோ ஒரு பொறி வந்தால் அந்த ஆவி பற்றிக்கொள்ளும். பாலிஷ் வேலையை வெளியே பந்தலில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பீடி, அடுப்பு எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

[காலை 9:40] அம்மா: பந்தலில் இடம் ஒதுக்கித் தருகிறேன்.

[காலை 10:12] அத்தை: செலவு எவ்வளவு ஆயிற்று தம்பி? நானும் பங்கு போடுகிறேன்.

[காலை 10:20] நான்: ஃபேனோடு சேர்த்து 7,400 ரூபாய் அத்தை. பங்கெல்லாம் வேண்டாம். சின்னவன் நன்றாகத் தூங்கினால் போதும்.

இரண்டு வாரம் கழித்து, சனி

[மாலை 5:30] அப்பா: (படம்) பெரிய தூளை முதலில் பிடிக்க ஃபில்டருக்கு வெளியே சுற்றிக் கட்டிய வலையைக் கழற்றினேன். பலா மர வேலை நடந்ததால் முழுவதும் மஞ்சளாக இருக்கிறது. ‘தானே’ புயலில் விழுந்த பலா மரங்களை அறுத்த வருடம் என் சட்டையெல்லாம் இந்த நிறத்தில்தான் இருந்தது.

[மாலை 5:38] சித்தப்பா: 2011 டிசம்பர் 30. எங்கள் தோப்பில் ஒன்றுகூட நிற்கவில்லை. மிருதங்கத்துக்குக் கொடுப்பதற்காகவே அப்பா வைத்திருந்த மரங்கள் அண்ணே. அந்தத் தூளெல்லாம் அன்றைக்கு உங்கள் நெஞ்சுக்குத்தான் போயிருக்கிறது.

[மாலை 5:44] நான்: வலையைக் கழுவலாம் அப்பா, நிழலில் நன்றாகக் காய வைத்து மாட்டுங்கள். உள்ளே இருக்கும் மடிப்பு ஃபில்டரில் மட்டும் தண்ணீர் படக் கூடாது, அதைக் கழுவினால் பிடிக்கும் திறன் போய்விடும். காற்று குறைந்ததாகத் தெரிந்தால் புதிது மாற்றிவிடலாம்.

[மாலை 6:02] அக்கா: அப்பாவுக்கு எக்ஸ்ரேயில் பயப்பட ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார். மூக்கை ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். தேதி குறித்துவிட்டேன்.

[மாலை 6:15] அத்தை: இந்த வாரம் வடகம் சுத்தமாகக் காய்ந்தது. சின்னவன் நெபுலைசர் தொட்டு ஒன்பது நாள் ஆகிறது. அண்ணிக்கு ஒரு டப்பா எடுத்து வைத்திருக்கிறேன்.

[இரவு 8:10] அப்பா: தம்பி, முதுநகரில் நம் கூட்டாளி ஒருவர் பெட்டியைப் பார்த்துவிட்டுத் தன் பட்டறைக்கும் கேட்கிறார். 30 அடி, 20 அடி, உயரம் 12. நானே கணக்குப் போட்டேன். 7,200 கன அடி, எட்டால் பெருக்கி அறுபதால் வகுத்தால் 960. ஒரு பெட்டிக்கு 400 என்றால் இரண்டு போதாது, மூன்று வேண்டும். சரியா?

[இரவு 8:13] நான்: சரிதான் அப்பா. பன்னிரண்டு ஃபில்டர். அடுத்த சனிக்கிழமை எடுத்து வருகிறேன்.