தொட்டியில் கோரலைன் பாசி வெளுக்கிறது: சூடு காரணமா, பிஹெச் காரணமா?

ரமணி, பெரம்பூர்:
எங்கள் உப்புத்தண்ணீர் தொட்டிக்கு நான்கு வயது. நாலடி நீளம், இரண்டு க்ளவுன் மீன். கல்லில் கோரலைன் பாசி (சுண்ணாம்பு மேலோடாகப் படரும் ரோஜா நிறப் பாசி) பிடிக்கவே ஒன்றரை வருஷம் ஆனது. முதலில் பம்ப் மூடியில் கடுகளவு ரோஜா நிறப் புள்ளி வந்தது. தினமும் காலையில் காபியோடு அதைத்தான் போய்ப் பார்ப்பேன்.

மே மாதம் ஒரு மதியம் நான்கு மணி நேரம் கரண்ட் இல்லை. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் நின்று, 28 டிகிரியில் இருந்த தண்ணீர் 32 தாண்டிவிட்டது. அடுத்த வாரமே பாசி வெளுக்க ஆரம்பித்தது. நன்றாக இருந்தபோது நகத்தால் கீறினாலும் அசையாது. இப்போது பழைய சுவர்ச் சுண்ணாம்பு மாதிரி உதிர்கிறது.

இன்னொன்று. ஊரிலிருந்து அத்தை குடும்பம் வந்திருக்கிறது. தொட்டி இருக்கும் ஹாலில் ஜன்னலை மூடி ஏசி போட்டு ஐந்து பேர் படுக்கிறோம். பிஹெச் (எண் குறைந்தால் அமிலம் கூடுதல்) காலையில் 7.7, சாயங்காலம் 8.0. கேஹெச், அதாவது தண்ணீரின் கார்பனேட் அளவு, 8. லைட்டை மாற்றவில்லை. சூடு கொன்றதா, பிஹெச் கொன்றதா? கடல் சூடாகி அமிலமாகிறது என்கிறார்களே, அங்கே நடப்பதும் இதேதானா?

செந்தில், கொளத்தூர்:
மேடம், கேஹெச் சரியாக இருக்கிறது. கால்சியம், மெக்னீசியம் இரண்டையும் பார்த்துவிடுங்கள். வெளுத்ததைச் சுரண்ட வேண்டாம். ஓரத்தில் உயிர் மிச்சம் இருந்தால் அங்கிருந்தே திரும்பப் படரும். அப்புறம், முதல் வேலையாக சில்லரை இன்வர்ட்டரில் போடுங்கள்.

அருள், திருவான்மியூர்:
அக்கா, கடற்பாசி படித்தவன், ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் இரண்டு வருஷம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். வெளுக்க வைத்தது பெரும்பாலும் அந்த மதியச் சூடு. ஆனால் உதிரும் அளவுக்குப் போனதில் பிஹெச்சுக்கும் பங்கு இருக்கும்.

மூடிய அறையில் ஐந்து பேர் மூச்சு விட்டால் காற்றில் கார்பன் டை ஆக்சைடு 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) சுலபமாகத் தாண்டும். குமிழி விட்டு அழுக்கை எடுக்கும் ஸ்கிம்மர் அந்தக் காற்றைத்தான் தண்ணீருக்குள் அடிக்கிறது. அது கரைந்து அமிலமாகி, பாசி சுண்ணாம்பு கட்டத் தேவையான கார்பனேட்டைக் குறைத்துவிடும். பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து பிஹெச்சை ஏற்றும், ராத்திரி சுவாசம் மட்டும் என்பதால் இறங்கும். உங்கள் 7.7க்கும் 8.0க்கும் இடையில் இருப்பது அந்த வித்தியாசம்.

இந்தப் பாசி கட்டுவது மெக்னீசியம் அதிகமுள்ள கால்சைட் என்ற சுண்ணாம்பு வகை. பவளம் கட்டும் அரகோனைட் என்ற இன்னொரு வகையை விடவும் இது சீக்கிரம் கரையும். தண்ணீர் சூடானால் அதில் மெக்னீசியம் இன்னும் கூடும். அதாவது சூட்டில் கட்டிய சுவர், அமிலத்துக்கு இன்னும் லேசாக இளகும். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். மத்தியதரைக் கடல் பாசி ஒன்றை 3 டிகிரி கூட்டி, கார்பன் டை ஆக்சைடையும் கூட்டி ஒரு வருஷம் வளர்த்துப் பார்த்தார்கள். இரண்டும் சேர்ந்தபோதுதான் சாவு அதிகம், செத்தவை கரைந்ததும் வேகம். 2009இல் வந்த ஆய்வு. இத்தாலியின் இஸ்கியா தீவில் கடலடியிலிருந்து இயற்கையாகவே அந்த வாயு குமிழியிடும் இடங்கள் உண்டு. குமிழியை நெருங்க நெருங்க இந்தப் பாசி குறைந்து, கடைசியில் இல்லாமலே போகிறது.

உங்கள் ஹாலில் நடந்தது கடலில் மெதுவாக நடக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் கார்பன் டை ஆக்சைடு 280 பிபிஎம் இருந்தது, இப்போது 420 தாண்டியாயிற்று. மேல்மட்டக் கடல்நீரின் பிஹெச் 8.2இலிருந்து 8.1க்கு வந்திருக்கிறது. 0.1 தானே என்று தோன்றும், ஆனால் ஹைட்ரஜன் அயனி கால் பங்குக்கு மேல் கூடியதற்குச் சமம். பவளக் குஞ்சுகள் எங்கே ஒட்டலாம் என்று தேடும்போது இந்தப் பாசியின் வாசனையைப் பிடித்துத்தான் பல இனங்கள் இறங்குகின்றன. மன்னார் வளைகுடாவில் 2016இல் பவளம் வெளுத்தது. அப்படி வெளுத்த பாறையில் மறுபடி பவளம் வர வேண்டுமென்றால் முதலில் இந்த ரோஜா மேலோடு வேண்டும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2020இல் வந்த ஆய்வில், ஒரு வெப்பமண்டல இனத்தை அமில நீரிலேயே ஆறு தலைமுறை வளர்த்தார்கள். ஆறாவதில் பாதிப்பு மறைந்துவிட்டது. ஆனால் அது அமிலத்துக்கு மட்டும். திடீர் வெப்ப அலை ஆறு தலைமுறைக்குக் காத்திருக்காது.

இன்றைக்கே ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை ஜன்னலுக்கு வெளியே விடுங்கள்.

ரமணி, பெரம்பூர்:
அருள் தம்பி, ரொம்ப நன்றி. குழாயை பால்கனிக்கு இழுத்துவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் 7.9. செந்தில் சார், சில்லரும் இன்வர்ட்டருக்குப் போய்விட்டது. இன்று டார்ச் அடித்துப் பார்த்தேன். பம்ப்பின் நிழலில் இரண்டு ரூபாய் காசு அளவு இன்னும் ரோஜா நிறமாகவே இருக்கிறது. ஓரம் மட்டும் மெல்லிசாக வெள்ளை. அது புது வளர்ச்சியா, சாகிற ஓரமா என்று தெரிய பென்சிலால் கண்ணாடி மேல் சுற்றிக் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

அருள், திருவான்மியூர்:
கண்ணாடியில் பென்சில் நிற்காது அக்கா, மார்க்கர் போடுங்கள். நேராக நின்று ஒரே இடத்திலிருந்து பாருங்கள். இரண்டு வாரத்தில் ரோஜா நிறம் கோட்டைத் தாண்டினால் வளர்கிறது.