பாலைவனச் சோலைப் பாசன நிலங்களின் நீண்டகால விளைச்சல் பதிவு: ஏறும் மகசூலை மண்ணின் நலம் என்று கொள்ளலாமா?

காட்பாடி மாணவர் (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். வடமேற்குச் சீனாவின் ஹெய்ஹே ஆற்றுப் படுகையில் உள்ள பாசனச் சோலைகளின் விளைச்சல் பதிவுகளை முதுநிலை ஆய்வுக்காகப் பார்த்து வருகிறேன். லின்சே பகுதியில் ஆண்டு மழை ஏறத்தாழ 120 மி.மீ. மட்டுமே பெய்வதால், சிலியான் மலையிலிருந்து இறங்கும் ஆற்று நீரையும் நிலத்தடி நீரையும் நம்பியே மக்காச்சோளமும் கோதுமையும் விளைகின்றன. என்னிடம் உள்ள பதிவுகளில் ஹெக்டேர் மகசூல் பெரும்பாலும் ஏறுமுகமாகவே இருக்கிறது. ஆனால் இதே காலத்தில் ரகங்கள் மாறின, நெகிழித் தாள் மூடாக்கு வந்தது, உரமும் கூடியது. இந்த ஏற்றத்தில் மண்ணின் பங்கு எவ்வளவு என்பதை எப்படிப் பிரித்தறிவது?

குடியாத்தம், ஓய்வு பெற்ற வேளாண் அலுவலர்:
தம்பி, முதலில் அந்த மகசூல் எப்படி அளக்கப்பட்டது என்று பாருங்கள். நம் பக்கம் நெல்லுக்கும் வேர்க்கடலைக்கும் பயிர் அறுவடைப் பரிசோதனையில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளவில் கயிறு கட்டி அறுப்போம். கயிற்றின் மேலேயே நிற்கும் செடியை உள்ளே சேர்ப்பதா, வெளியே விடுவதா என்பதில் கை சற்றுத் தாராளமானாலும் கணக்கு ஏறிவிடும். பாத்தி சிறியதாக இருக்க இருக்க இந்தப் பிழை பெரிதாகும். மடை வாயிலும் கடைமடையிலும் ஒரே கழனியில் இரண்டு விதமான விளைச்சல் இருக்கும் என்பதால், ஆண்டுதோறும் அதே இடங்களில் அறுத்தார்களா என்பதும், தானியத்தை ஒரே ஈரப்பதத்துக்குச் சரிசெய்து எடை போட்டார்களா என்பதும் தெரிய வேண்டும்.

அடுத்தது, நீர்க் கணக்கு. சிஞ்சியாங் சோலைகளில் பயிர் இல்லாத குளிர்காலத்திலும் உப்பைக் கழுவுவதற்காக நிலத்துக்கு நீர் விடுகிறார்கள். பயிர்க்கால நீரை மட்டும் வைத்து வகுத்தால், ஒரு கன மீட்டர் நீருக்கு இவ்வளவு கிலோ என்று வரும் எண் அழகாக இருக்கும், ஆனால் உண்மையாக இராது.

வாணியம்பாடி, மண் பரிசோதனைப் பணியாளர்:
ஐயா சொன்னதோடு உப்புக் கணக்கையும் சேர்க்க வேண்டும். 600 மி.மீ. பாசனம் என்றால் ஹெக்டேருக்கு 6,000 கன மீட்டர் நீர். லிட்டருக்கு அரை கிராம் உப்புள்ள, குடித்தால் கரிப்பே தெரியாத நீராக இருந்தாலும் ஆண்டுக்கு 3 டன் உப்பு நிலத்தில் இறங்குகிறது. அது வேருக்குக் கீழே கழுவப்பட்டு வடிகாலில் போனதா, தங்கிவிட்டதா என்பதை மகசூல் உடனே காட்டாது. உப்பு கூடக் கூட ஏறும் மண் கரைசலின் மின்கடத்துதிறன், மீட்டருக்கு மக்காச்சோளத்துக்கு 1.7 டெசிசீமன்ஸ், கோதுமைக்கு 6 டெசிசீமன்ஸ் என்ற எல்லையைத் தாண்டிய பிறகே விளைச்சல் இறங்கத் தொடங்கும். அதுவரை உப்பு ஏறிக்கொண்டே இருக்கலாம்.

இந்த எல்லைகள் நிறைவுற்ற மண் குழம்பிலிருந்து பிரித்த சாற்றுக்கு உரியவை. சீனப் பதிவுகளில் ஒரு பங்கு மண்ணுக்கு ஐந்து பங்கு நீர் சேர்த்து அளந்த எண்களே பெரும்பாலும் இருக்கும். அவை மிகவும் குறைவாகத் தெரியும் என்பதால் நேராக ஒப்பிடக் கூடாது. மாதிரியைப் பாரின் உச்சியில் எடுத்தார்களா, சாலில் எடுத்தார்களா என்றும் கேளுங்கள். சாலில் பாயும் நீர் பக்கவாட்டில் ஊறி உச்சியில் ஆவியாவதால், வெள்ளை பூத்த அந்த மண்ணும் ஒரு முழம் தள்ளிய மண்ணும் வேறு வேறு எண்களைத் தரும்.

இன்னொன்றை நம் ஊர் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். 1996இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தோல் பதனிடும் தொழிற்சாலைகள் தொடர்பான தீர்ப்பில், இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனது என்ற ஆய்வு எடுத்துக்காட்டப்பட்டுள்ளது. அங்கே உப்புக்குக் காரணம் கழிவுநீர், சோலையில் பாசன நீரும் ஆவியாதலும். ஆனால் கணக்கில் நேர்வது ஒன்றுதான். தரிசாகிப் போன கழனியில் யாரும் கயிறு கட்டி அறுப்பதில்லை. கெட்ட நிலம் பதிவிலிருந்து விலகி, நல்ல நிலம் மட்டும் மிஞ்சுவதால் சராசரி உயரத்தான் செய்யும். ஆகவே, தொடக்கத்தில் இருந்து இடையில் கைவிடப்பட்ட வயல்களின் பட்டியலை முதலில் தேடுங்கள்.

காட்பாடி மாணவர்:
மிக்க நன்றி. கைவிடப்பட்ட வயல்களை இதுவரை நீக்கிவிட்டே கணக்கிட்டிருந்தேன், இனிச் சேர்த்துப் பார்க்கிறேன். எல்லா ஆண்டும் ஒரே பழைய ரகத்தைப் பயிரிட்ட ஒப்பீட்டு வயல் இருந்தால் மண்ணின் விளைவு தனியே தெரியுமா?

குடியாத்தம், ஓய்வு பெற்ற வேளாண் அலுவலர்:
ஓரளவே தெரியும். பழைய ரகம் புதிய நோய்களுக்கு இடம் கொடுத்துவிடுவதால், அந்த இறக்கத்தையும் மண்ணின் மேல் ஏற்றிவிடுவோம். ரகம் மாறும்போது பழையதையும் புதியதையும் சில பருவங்கள் பக்கத்துப் பக்கத்தில் விதைத்து ஒப்பிட்டிருந்தால் அதுவே மேல். அதைவிட, உரமே இடாத பாத்தி இருந்தால் விடாதீர்கள், அங்கே உரத்தின் பங்கு கலக்காது. கோயம்புத்தூரில் 1909 முதல் நடந்துவரும் நிரந்தர உரச் சோதனையின் மதிப்பும் அத்தகைய பாத்திகளில்தான் இருக்கிறது.

வயலின் வயதையும் பிரித்துக்கொள்ளுங்கள். பாலை ஓரத்தில் புதிதாகத் திருத்திய மணல் நிலத்தில், எருவும் பாசன வண்டலும் சேரச் சேரக் கரிமச் சத்து மெல்ல ஏறும். அங்கே மண் உண்மையிலேயே தேறுகிறது. நெடுங்காலமாக உழுதுவரும் பழைய சோலை நிலத்துக்கு அந்த வாய்ப்புக் குறைவு. இரண்டையும் ஒரே கோட்டில் போட்டால் எதுவும் விளங்காது. 2000ஆம் ஆண்டு முதல் ஹெய்ஹே நீரைக் கீழ்ப்படுகைக்குப் பங்கிட்டு விடத் தொடங்கியபின் லின்சே அடங்கிய நடுப்படுகை விவசாயிகள் கிணற்று நீரை அதிகம் நாடினார்கள் என்பதால், அந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். பின்பகுதிக்கு நிலத்தடி நீர்மட்டப் பதிவையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.