பொருள்: நடுவர் ஊதாமல் விடுவதற்கு ஒரு சொல்

அன்புடையீர், வணக்கம்.

உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்காகப் பேஸ்பாலையும் கூடைப்பந்தையும் ஒப்பிடும் நடுவர் கையேட்டைத் திங்கட்கிழமைக்குள் தமிழில் முடித்துத் தர வேண்டும். பேஸ்பாலில் 18.44 மீட்டர் தொலைவிலிருந்து ஏறத்தாழ 0.4 நொடியில் வந்துவிடும் பந்தை ஆட்டக்காரர் அடிக்காமல் விட்டால், அது ஸ்டிரைக்கா (அடிக்கத்தக்க எல்லைக்குள் வந்த பந்தா) இல்லையா என்பதை நடுவர் தீர்மானித்தே ஆக வேண்டும். கூடைப்பந்திலோ, கூடைக்கடியில் உடல்கள் உரசிக்கொண்டே இருக்க, அவ்வுரசலால் எவருக்கும் பாதகமில்லை என்று கண்டு நடுவர் விசில் ஊதாமல் விடுவதும் ஒரு தீர்ப்பாகிறது. இதற்கு 'ஊதாமை' பொருந்துமா?
– மொழிபெயர்ப்பாளர், தோ பாயோ

ஐயா, கவனிக்கத் தவறியவரும்தான் ஊதவில்லை. இருவரையும் இச்சொல் பிரித்துக் காட்டவில்லையே. வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் ஊதா நிறத்தை நினைத்துச் சிரிப்பார்கள். 'விடுதீர்ப்பு' எளிதாகப் புரியும்.
– தமிழாசிரியை, ஈசூன்

அம்மா, கொல்ல வாய்ப்புக் கிடைக்காதவனைக் கொல்லாமை நோற்றவன் என்று எவரும் சொல்வதில்லை. வள்ளுவர் அதிகாரத் தலைப்பாக்கிய கொல்லாமை, கள்ளாமை, வெஃகாமை ஆகியவற்றிலும், நடுவு நிலைமையில் வரும் 'கோடாமை'யிலும் (ஒரு பக்கம் சாயாமை), எதிர்மறைத் தொழிற்பெயருக்குள்ளேயே மனவுறுதி அடங்கியிருக்கிறது. 'விடுதீர்ப்பு' வினைத்தொகையானால், தீர்ப்பையே கைவிட்டதாகவும் பொருள்படும். (நடுவன் என்பது எமனுக்கும் பெயர், தோற்ற அணியினர் மகிழ்வார்கள்.)
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பிடோக்

பேஸ்பால் நடுவரிடம் விசிலே கிடையாது என்பதை மறந்துவிட்டீர்கள். அங்கும் மௌனம் உண்டு: ஓடி வருபவர் கடைசித் தளத்தை மிதிக்காமல் கடந்து, பந்து வைத்திருப்பவரும் அவரைத் தொடத் தவறினால், எதிரணி முறையிடும்வரை நடுவர் எந்தச் சைகையும் காட்டுவதில்லை. இரண்டுக்கும் பொதுவாக, எங்கள் யாழ்ப்பாணத்துச் சட்டத்தமிழில் வழங்கும் 'தற்றுணிபு' (தானே எண்ணி முடிவெடுக்கும் உரிமை) என்ற சொல்லைக்கொண்டு 'தற்றுணிபு மௌனம்' எனலாம்.
– பொறியாளர், ஜூரோங்

ஐயா, அந்த மௌனத்தில் தற்றுணிபு எங்கே இருக்கிறது? அது விதி இட்ட கட்டளை. கூடைப்பந்து நடுவரின் மௌனம் அவரே எண்ணித் துணிந்தது. இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கினால் நான் எழுதும் ஒப்பீடே குலைந்துவிடும். மூவர் தனிமடலில் ஆதரித்திருப்பதால், கூடைப்பந்துக்கு மட்டும் 'ஊதாமை' என்று இட்டு அச்சுக்கு அனுப்புகிறேன்.
– மொழிபெயர்ப்பாளர், தோ பாயோ

அனுப்புங்கள் ஐயா. வகுப்பில் நான் 'விடுதீர்ப்பு' என்றே சொல்லப்போகிறேன்.
– தமிழாசிரியை, ஈசூன்