சிறையில் மாத்திரையைத் துப்புகிறவர்களுக்குக் கட்டாய ஊசி சரியா?

ஸ்டாங்கர்காரன்:
என் அத்தை மகன் தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் ஒரு சிறையில் இருக்கிறான். மனச்சிதைவு நோய். மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கி, நர்ஸ் நகர்ந்ததும் துப்பிவிடுகிறான். போன மாதம் கூட இருந்த ஒருவரின் பல்லை உடைத்துவிட்டான். நீண்ட நாள் வேலை செய்யும் ஊசி இருக்கிறதே, பிடித்துப் போட்டுவிட வேண்டியதுதானே?

டோங்காட்_மாமி:
தம்பி, நான் நர்ஸாக இருந்தவள். ஏன் துப்புகிறான் என்று யாராவது கேட்டார்களா? இங்கே பல சிறைகளில் ராத்திரிச் சாப்பாட்டைப் பிற்பகலிலேயே கொடுத்துச் செல்லைப் பூட்டிவிடுவார்கள். தூக்க மருந்தும் அப்போதே கைக்கு வரும். கும்பல்கள் ஆளுகிற நெரிசலான செல்லில் அசந்து தூங்கினால் விடியும்போது செருப்புகூட மிஞ்சாது. அதற்குப் பயந்தே துப்புகிறவர்கள் உண்டு. மனச்சிதைவுக்குத் தரும் ஹாலோபெரிடால் மருந்து சிலருக்கு உடம்பை விறைக்க வைக்கும், காலை ஓரிடத்தில் இருக்க விடாது. அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். ஊசி அப்படியில்லை, உள்ளே போனால் வாரக்கணக்கில் திரும்ப எடுக்க முடியாது.

ஸ்டாங்கர்காரன்:
எனக்கு நோயே இல்லை என்கிறவனிடம் என்னத்தைக் கேட்பது மாமி? பல் போனவனுக்கு உரிமை இல்லையா?

டோங்காட்_மாமி:
உண்டு. அதனால்தான் 2002 மனநலச் சட்டமே வழி வைத்திருக்கிறது. தாமதித்தால் உயிருக்கு ஆபத்து, பிறருக்குப் பெரிய காயம் என்றால் சம்மதம் இல்லாமலும் சிகிச்சை தரலாம். 24 மணி நேரத்துக்கு மேல் தொடர முறைப்படி விண்ணப்பிக்க வேண்டும். வார்டருக்குக் கோபம் வந்தால் ஊசி என்று அதில் எழுதவில்லை.

மாரிட்ஸ்பர்க்_பாலா:
இருவரும் கைதியையே பேசுகிறீர்கள். விழுங்கத் தயாராக இருப்பவனுக்கும் மருந்து விட்டுப்போகிறதே! கோர்ட்டுக்கு வண்டி ஏறும் நாளில், வேறு சிறைக்கு மாற்றும்போது, மருந்துச் சீட்டு கூடவே போகாவிட்டால் என்ன ஆகும்? குளோசபின் என்று இன்னொரு மனச்சிதைவு மருந்து, அது இரண்டு நாளுக்கு மேல் தவறினால் பழைய அளவில் தொடர முடியாது, 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும்.

ஸ்டாங்கர்காரன்:
அப்படிப் பார்த்தால் ஊசிதானே மேல்?

டோங்காட்_மாமி:
குளோசபினுக்கு நீண்ட நாள் ஊசி கிடையாது தம்பி. மற்ற மருந்துக்கு அவனே ஊசி கேட்டால் நானும் சரி என்பேன். தினமும் வரிசையில் நின்று எல்லார் கண்ணிலும் படுவதைவிட அதுவே நிம்மதி என்று விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்த முறை பார்க்கப் போகும்போது திட்டாதே. மருந்து சாப்பிட்டால் உடம்பு என்ன செய்கிறது என்று மட்டும் கேள். அதை அவன் வாயாலேயே நர்ஸிடம் சொல்லச் சொல்.

ஸ்டாங்கர்காரன்:
கேட்கிறேன். ஆனால் அதுவரை அவனைத் தனிச் செல்லில் வைக்கச் சொல்லி எழுதத்தான் போகிறேன்.

மாரிட்ஸ்பர்க்_பாலா:
தனிச் செல்லில் போட்டால் நோய் முற்றும் அண்ணா. சிறை மருத்துவப் பிரிவில் படுக்கை கேட்டு எழுதுங்கள்.